கையெழுத்தில்லாத சாமிகள்

குதைபியா, மனாமா, பஹ்ரைன்
7-2-2024

வேலும் மயிலும் துணை

தம்பி மணிமாறனுக்கு அண்ணி நாகஜோதி எழுதுவது.

இங்கே விஜயபாஸ்கர், மருமகள் உமாராணி, பேத்தி எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

நேற்று மத்தியானம் சவூதி தம்மாமிலிருந்து மாயாண்டி போன் பண்ணினான். ஏசி மெக்கானிக் மாயாண்டி. உன் அண்ணன் உயிரோடு இருந்தபோது அவரிடம் நொண்டிக் கருப்பு சாமி வரைந்து வாங்கிப் போனானே, அவன்தான். "அக்கா, தைப்பூசம் முடிஞ்சு பன்னெண்டு நாளாச்சு. பூஜை நல்லபடியா நடந்துச்சா? கருப்பனை எப்ப வந்து கூட்டிட்டுப் போகட்டும்?" என்றான்.

என்ன பூஜை என்று கேட்டேன். "என்னக்கா, நீங்கதானே கேட்டு விட்டீங்க? அண்ணன் வரைஞ்ச சாமி எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சு அக்கா பூசை பண்ணப்போறாங்கன்னு மணியண்ணன் வந்து வாங்கிட்டுப் போனாரே!"

ரெண்டு நாளில் சொல்கிறேன் என்று வைத்தேன். பிறகு ரியாத் பத்தாவில் மெஸ் நடத்துகிறவரைக் கூப்பிட்டேன். இங்கே சித்ரா தீவு லேபர் கேம்ப்பில் இருக்கிற மூன்று பேரைக் கூப்பிட்டேன். எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒருவரும் காசு வாங்கவில்லை. "அக்கா கேட்டாங்க, கொடுத்துட்டோம்."

போன வருஷம் நீ வந்து, அண்ணன் படங்களைப் பற்றித் துபாயில் பெரிய புத்தகம் போடுகிறார்கள், எதையும் விடாமல் சேர்ப்பார்கள் என்றாய். அதை நம்பித்தான் என் நோட்டைக் கொடுத்தேன். முன்பக்கம் வீட்டுக் கணக்கு. பின்பக்கம் உன் அண்ணன் வரைந்த சாமிகள்: யாருக்கு, எந்த ஊர்ச் சாமி, எந்த வெள்ளிக்கிழமை கண் திறந்தது என்று. மொத்தம் முப்பத்தொன்று. முதல் படம் என் பூஜை அலமாரியில் இருக்கிற முருகன். மற்ற முப்பதும் எங்கே?

போனில் கேட்க மாட்டேன். என் பேரைச் சொல்லி நீ ஊர் ஊராகப் போயிருக்கிறாய். இனி நான் சொன்னது எது, சொல்லாதது எது என்று தாளில் இருக்கட்டும். கீழே கார்கோ கடை கௌஸ் முகைதீன் பாய் துபாய் வருகிறார். பதிலை அவர் கையிலேயே கொடு.

நாகஜோதி


ஷார்ஜா
16-2-2024

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

கௌஸ் பாய் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து டீ குடித்தார்.

சாமிகள் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் ஓவியக் கேலரியின் கிடங்கில், ஏசியில், ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டியில். நான்தான் பேக்கிங் செய்தேன். ஒரு கீறல் இல்லை.

என் முதலாளி ஜெயபாரதி மேடத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சென்னையில் பிறந்து துபாயில் வளர்ந்தவர். நான் அவரிடம் பிரேம் போடவும் பேக்கிங் செய்யவும் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அண்ணன் சென்னையில் படித்த காலத்தில் வரைந்த பதினாலு படங்களை என் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேனே, அதை மேடம் பார்த்த அன்று அந்த நீலப் படத்தின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "மணி, இந்த மனுஷர் எங்கே போனார்?" என்று கேட்டபோது அவர் கண்ணில் தண்ணீர். அண்ணி, எழுபத்தொன்றிலிருந்து எழுபத்தாறு வரை அண்ணன் செய்ததை அன்றைக்கு யாரும் செய்யவில்லையாம். உருவமே இல்லாமல் நிறம் மட்டும்.

ஆனால் படம் நன்றாக இருந்தால் போதாது, பெயரை நாம்தான் உண்டாக்க வேண்டும் என்கிறார். நூறு நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் பாரிஸில் இப்படித்தானாம். யாரும் சீந்தாத ஓவியர்களின் சரக்கை ஒரு வியாபாரி மொத்தமாக வாங்கிப் பூட்டி வைப்பார். ஒருத்தருக்கென்று தனிக் கண்காட்சி வைப்பார். புத்தகம் அடிப்பார், எழுத ஆள் பிடிப்பார். கேட்டு வருகிறவரிடம் "அது விற்பனைக்கு இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார். இன்று மியூசியத்தில் நாம் வாயைப் பிளந்து பார்க்கிற படமெல்லாம் அப்படி வந்ததுதானாம்.

அண்ணனைப் பற்றி மேடம் எழுதியிருக்கும் கதை இது: சேதுபதி வளைகுடாவுக்கு வந்த அன்று தூரிகையைக் கீழே வைத்தார், பிறகு சாகும்வரை தொடவில்லை. அந்த மௌனம்தான் வாங்குகிறவர்களை உலுக்குகிறது. அதற்குப் பக்கத்தில் பிளைவுட்டில் மீசை வைத்த முப்பது சாமிகள் வந்து நின்றால்? "அப்போ இவர் காலண்டர் ஆர்ட்டிஸ்டா?" என்பார்கள். அதனால்தான் அவை வெளியே இருக்கக் கூடாது என்று சேர்க்கச் சொன்னார்.

கண்காட்சி மே மாதம். அதற்கு முன் அந்தக் கதை உண்மை என்று நீங்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கோபம் தணிந்ததும் படியுங்கள். அண்ணன் பெயருக்காகத்தான் எல்லாம்.

மணி


குதைபியா
27-2-2024

வேலும் மயிலும் துணை

மணி,

இங்கிலீஷ் தாளை உமாராணி வாசித்துச் சொன்னாள். திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து இல்லை.

தூரிகையைத் தொடவில்லையா? வாரம் ஆறு நாள் கடைக் கடையாக ஏணியில் ஏறி போர்டு எழுதினார். வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளும் அவருடையதாக இல்லை. காலையிலேயே கேம்ப்பிலிருந்து யாராவது வந்து ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். பெரிய கோயில் சாமி என்றால் கடையில் படம் கிடைக்கும். இவர்கள் குலசாமிக்கு யார் படம் அச்சடிப்பார்கள்? அந்தச் சாமி அவன் ஊர்க் கம்மாய்க்கரையைத் தாண்டி எங்கேயும் இல்லை. அவன் சொல்லச் சொல்ல இவர் வரைவார்.

மாயாண்டியின் கருப்பனுக்கு எந்தக் கால் ஊனம் என்பதில் மூன்று வாரம் ஓடியது, ஞாபகம் இருக்கா? அவன் இடது கால் என்றான். அவன் ரூமில் இருந்த ஊர்க்காரன் வலது கால் என்றான். ஊருக்குப் போன் போட்டால் அவன் அப்பா, "டேய், கும்பிடும்போது காலை எண்ணிக்கிட்டா இருப்பாங்க?" என்று திட்டினாராம். கடைசியில் உன் அண்ணன் ரெண்டு காலையும் மறைத்து வேட்டியைக் கட்டிவிட்டார். "இப்ப ரெண்டு பேர் சொன்னதும் சரி, தூக்கிட்டுப் போங்கடா" என்றார். நான் அடுப்படியில் சிரித்துக்கொண்டிருந்தேன். நீயும் அன்றைக்கு வந்திருந்தாய்.

கண்ணை மட்டும் கடைசியில் வைப்பார். தலைக்குக் குளித்துவிட்டு வந்து, வெறும் வயிற்றோடு. நான் கற்பூரத் தட்டோடு நிற்பேன். கண் வைத்ததும் முதலில் கண்ணாடியைத்தான் காட்டுவோம், பிறகுதான் மனிதர் முகம். கண் திறந்த சாமியை விளக்கில்லாமல் வைக்காதே என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பியது நான். தம்மாமில் மாயாண்டி பீரோக் கதவுக்கு உள்பக்கம் ஆணி அடித்து மாட்டி, டூட்டிக்குப் போகுமுன் கதவைத் திறந்து சின்ன பல்பு போட்டுக் கும்பிட்டான். அந்தச் சாமியை நீ பெட்டியில் போட்டு ஆணி அடித்திருக்கிறாய்.

பாரிஸ் கதை எழுதியிருந்தாயே. அந்த ஓவியர்களின் பெண்டாட்டிமார் யாரையாவது அந்த வியாபாரிகள் கேட்டார்களா என்று உன் மேடத்திடம் கேட்டு எழுது.

பூஜை என்று சொல்லி வாங்கினாயே, அது யாருடைய யோசனை? அவளுடையதா, உன்னுடையதா? இதை மட்டும் மறைக்காமல் சொல்.

அண்ணி


ஷார்ஜா
10-3-2024

அண்ணி,

என்னுடையது.

மேடம் காசு கொடுத்து வாங்கத்தான் சொன்னார். பத்தாவில் அந்த மெஸ்காரரிடம் முதலில் விலை பேசினேன். "சாமியை விக்கச் சொல்றியா?" என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அந்த இடத்தில் வாயில் வந்துவிட்டது: "விக்க இல்லண்ணே, அண்ணி பூஜைக்குக் கேட்டாங்க." உடனே கை கழுவிவிட்டு உள்ளே போய், வேட்டியில் சுற்றி எடுத்து வந்து கொடுத்தார். பிறகு எல்லா இடத்திலும் அதையே சொன்னேன். உங்கள் பெயரைச் சொன்னால் யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. அதுதான் எனக்கு இப்போது பெரிய பாரமாக இருக்கிறது.

ஆனால் நீங்களும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கல்யாணமானபோது எனக்குப் பதினொரு வயது. அண்ணன் அந்த நிறப் படங்களை வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எதிரில் மணிக்கணக்காக நிற்பார். நானும் பக்கத்தில் நிற்பேன். ஒன்றும் புரியாது, ஆனால் நகரத் தோன்றாது. தொண்ணூறில் நான் பஹ்ரைன் வந்தபோது அந்த மஞ்சள் படம் எங்கே இருந்தது, சொல்லுங்கள். பலகையில் வரைந்தது என்பதால் உங்கள் அரிசி டிரம்முக்கு மூடியாக இருந்தது. அதன்மேல் உப்பு ஜாடி. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கே பதினாலையும் நான் எடுத்துக்கொண்டேன். முப்பத்துநாலு வருஷம், எத்தனையோ ரூம் மாறினேன், மழை ஒழுகிய ரூமில் நான் நனைந்தேன், அவை நனையவில்லை. அவர் கைவிட்டதை நான் விடவில்லை. உங்களுக்குச் சாமிகள் எப்படியோ, எனக்கு அவை அப்படி.

இப்போது விஷயம். உங்கள் கையெழுத்து வராததால் மேடம் கொதித்துப் போயிருக்கிறார். என் விசா ஜூனில் முடிகிறது. அவர்தான் கஃபீல், என் விசா ஸ்பான்சர். "மணி, உன் குடும்பத்தையே உன்னால் சம்மதிக்க வைக்க முடியவில்லை என்றால் கலாஸ், அத்தோடு முடிந்தது" என்றார். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

நான் கெஞ்சி, ஒரு வழி சொல்லியிருக்கிறார். முப்பத்தொரு படத்துக்கும் தனித்தனியாக முப்பத்தொரு தாள். ஒவ்வொன்றிலும் அந்தப் படத்தின் போட்டோ. கீழே, "இது என் கணவர் சேதுபதி வரைந்ததல்ல. வரைந்தவர் தெரியவில்லை" என்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். மனைவியே எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு யாரும் அவற்றை ஏலத்துக்குக் கொண்டுவந்து அவர் பெயரைச் சொல்ல முடியாது. பிறகு அந்தப் படங்கள் மேடத்துக்குத் தேவையில்லை, அவரவர் வீட்டுக்கே அனுப்பிவிடலாம். உங்கள் நோட்டு மட்டும் கேலரியிலேயே இருக்கும். அதைத் தர மாட்டார்.

கிடங்கில் நெருப்பு ஏற்றக் கூடாது, அலாரம் அடிக்கும். நேற்று மத்தியானம் எல்லாப் பெட்டியையும் கிழக்கே பார்த்தபடி திருப்பி வைத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மணி


குதைபியா
24-3-2024

வேலும் மயிலும் துணை

மணி,

இன்றைக்குப் பங்குனி உத்திரம். விரதம் இருந்து இதை எழுதுகிறேன்.

அரிசி டிரம் மூடி நிஜம்தான். எனக்கு அது படம் என்று தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. அவராவது சொல்லியிருக்கலாம். "ஜோதி, அது என்னுது" என்று ஒரு வார்த்தை. அவர் சொல்லாமல் சாப்பிட்டார் என்று நீ எழுதினதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிரிலேயே உட்கார்ந்து பரிமாறினவள் நான். முகத்தைப் பார்த்தேனே தவிர, எங்கே பார்க்கிறார் என்று பார்க்கவில்லை.

உன் மேடம் விரும்புகிற படமும் அவர்தான், கருப்பனும் அவர்தான். அவள் ஒன்றை மூடச் சொல்கிறாள். அன்றைக்கு நானும் ஒன்றை மூடியாக வைத்தேன். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

தாள்கள் முப்பத்தொன்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பொய் என்று தெரிந்தேதான் போட்டேன். பூஜை அலமாரியைச் சாத்திவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து போட்டேன். ஒவ்வொரு தாளிலும் அந்த மனிதன் பேரை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இல்லையென்றால் கை நகரவில்லை. இருபதாவது தாளில் உமாராணி பேனாவைப் பிடுங்கி, "வேண்டாம் அத்தை, விட்டுடுங்க" என்று அழுதாள். இன்னும் பதினொரு பேர் விளக்கில்லாமல் இருக்கிறார்கள் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

முதல் தாள் என் முருகனுக்கு. அதையும் அவர் வரையவில்லை என்று எழுதியாயிற்று. நாங்கள் இங்கே வந்த முதல் வருஷம், எனக்குக் குழந்தை கலைந்து படுத்திருந்தபோது வரைந்தது அது.

நிபந்தனை ஒன்றுதான். சாமிகள் முதலில் வீடு போய்ச் சேரட்டும். மாயாண்டியுடையதை இங்கே அனுப்பு, அவன் சவூதிப் பாலம் வழியாக வந்து எடுத்துக்கொள்வான். அவர்களுக்கு நீ எதுவும் விளக்க வேண்டாம். பூஜை முடிந்தது என்று நானே சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பொய்யும் என் தலையிலேயே இருக்கட்டும்.

உன் விசாவுக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

அதற்காகவும்தான்.

அண்ணி


ஷார்ஜா
14-5-2024

அண்ணி,

எல்லாச் சாமியும் போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசிப் பெட்டி, மாயாண்டியுடையது, கௌஸ் பாய் கார்கோவில் வருகிறது. கையில் வாங்கியதும் சொல்லுங்கள்.

கண்காட்சி போன வியாழக்கிழமை ஆரம்பித்தது. வெள்ளைச் சுவரில் ஒன்பது படங்கள். மிச்சம் ஐந்தை மேடம் உள்ளே வைத்துவிட்டார். கேட்டவர்களிடம் "அது இப்போதைக்கு இல்லை" என்றார். பாரிஸ்காரர்கள் மாதிரியே. நுழைகிற இடத்தில் அண்ணன் போட்டோ பெரிதாக, நீங்கள் கொடுத்தது. அதற்குக் கீழே அந்தக் கதை இங்கிலீஷிலும் அரபியிலும் இருக்கிறது. தமிழில் இல்லை. விற்றுப்போன படத்துக்குப் பக்கத்தில் சின்னதாய், வட்டமாய், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதை ஒட்டுவது என் வேலை. ஏழு ஒட்டினேன். உங்கள் மஞ்சள் படத்துக்குத்தான் முதலில். அரிசி டிரம் கதையை மேடம் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்தார்கள். அதை அவரிடம் சொன்னவன் நான். மன்னியுங்கள் என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.

அண்ணனின் தம்பி என்று யாருக்கும் அறிமுகம் செய்யவில்லை. யூனிபாரத்தில் ஓரமாக நின்றேன். அதுவும் நல்லதுதான்.

இன்னொன்று. நீங்கள் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்லிவிடுவது நல்லது. சாமிப் படங்களில் கீழே வலது மூலையில் அண்ணன் பெயரெழுதித் தேதி போட்டிருப்பாரே. தாளும் படமும் ஒத்துப்போக வேண்டும் என்று மேடம் அதைத் துடைக்கச் சொன்னார். வெளியாள் கை வைத்தால் சாமி மேல் பட்டுவிடும் என்று நானே செய்தேன். பஞ்சில் டர்பன்டைன் தொட்டு முப்பது மூலை. குளித்துவிட்டுத்தான் செய்தேன், அண்ணி. பின்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அதில் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

விசா இரண்டு வருஷத்துக்குப் போட்டாயிற்று.

மணி


குதைபியா
31-5-2024

வேலும் மயிலும் துணை

மணி,

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் மாயாண்டி வந்தான். புதுச் சட்டை போட்டு, பூவும் தேங்காயும் வாங்கிக்கொண்டு, பொண்ணழைக்க வந்தவன் மாதிரி. தலை நன்றாக நரைத்துவிட்டது. "அக்கா, நாலஞ்சு மாசம் பீரோவைத் திறந்தா வெறும் ஆணி. சட்டை எடுக்கக்கூட மனசு வரல" என்றான்.

ஹாலில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன். உட்கார்ந்து கண்ணை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு பலகையைத் திருப்பினான். பின்பக்கம் உன் அண்ணன் எழுதிய 'ஏசி ரிப்பேர்' போர்டு அப்படியே இருக்கிறது. பாலத்துச் செக்போஸ்ட்டில் சாமிப் படம் என்று யாரும் பிடிக்கக் கூடாதென்று ஒரு பக்கம் போர்டும் ஒரு பக்கம் சாமியுமாக எழுதிக் கொடுத்தாரே, அதுதான். அதன் நடுவில் அந்த வெள்ளைச் சீட்டு.

"இது என்னக்கா இங்கிலீஷ்ல எழுதி ஒட்டியிருக்கு?"

எனக்கு இப்போது அந்த ரெண்டு வரியை வாசிக்கத் தெரியும். முப்பத்தொரு தரம் பார்த்தது. "தலைகீழா மாட்டிடக் கூடாது, தண்ணி படக் கூடாதுன்னு போட்டிருக்காங்க" என்றேன்.

"அதை நமக்குச் சொல்லணுமா?" என்று சிரித்துவிட்டு மறுபடி திருப்பி வைத்தான்.

நான் விளக்கை ஏற்றினேன். அவன் தேங்காய் உடைத்தான். குங்குமத்தில் விரலைத் தொட்டுக் கருப்பன் நெற்றியில் வைத்தான். பிறகு, பழக்கம் போலிருக்கிறது, அதே விரலைக் கீழே வலது மூலைக்குக் கொண்டுபோனான். தினமும் சாமிக்கு வைத்துவிட்டு அண்ணன் பேருக்கும் ஒரு பொட்டு வைப்பானாம், இத்தனை வருஷமும். எனக்கு அது தெரியாது.

விரல் அங்கேயே நின்றது. குனிந்து பார்த்தான். விளக்கைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெறும் மூலையிலேயே பொட்டை வைத்தான். சின்னதாய், வட்டமாய்.

நான் டீ போடப் போகிறேன் என்று உள்ளே எழுந்து போய்விட்டேன்.

நாகஜோதி